இர்மா வார்கோவும் எட்டு பிரேக் டிரம்களும்

இர்மா வார்கோவை ஏமாற்ற வேண்டுமென்றால் சரக்கைச் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். காயலான் கடையில் அது நடக்கிற காரியமா? லாரியின் பின்பலகை திறந்து பழைய உலோகம் சரிந்து விழும். எடைமேடைக்குப் பக்கத்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இர்மா, காபிக் கோப்பையிலிருந்து பார்வையை எடுக்காமலே, "வெண்கலத்தோட வார்ப்பிரும்பு ஒண்ணு விழுந்துச்சு பாரு, அதை எடுத்துத் தனியா வை" என்பாள். கொண்டுவந்தவன் அசடு வழிந்துகொண்டு குனிவான்.

அந்தக் காது அவளுக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் வந்தது. பத்தொன்பது வயதில் பாட்டில் சோதிக்கிற வரிசையில் நின்றாள். நகர்ந்து வருகிற பாட்டில்களை ஒரு சின்னக் கம்பியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கீறல் விட்டது கண்ணில் படாது, காதில் படும். ஆறு வருடம் தட்டினாள். பிறகு அந்த ஆலையை மூடிவிட்டார்கள். அமெரிக்காவின் டொலீடோ நகரத்துக் கிழக்குப் பக்கத்தில், ஆற்றைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி அவள் அண்ணன் எமில் வைத்திருந்த காயலான் கடைக்கு வந்து சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தடவை நிச்சயம் வரை போய் நின்றது. அதைப் பற்றிக் கேட்டால், "அவன் குரல் எனக்கு ஒத்துக்கலை" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

சங்கீதம் என்று அவளுக்கு வாய்த்தது ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாட்டும், கல்யாண வீட்டு பொல்கா நடன இசையும்தான். கடை ரேடியோவில் எப்போதும் பேஸ்பால் ஓடும்.

2004 ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கோட்டு போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். உயரமான கறுப்பின மனிதர், நாற்பது வயதிருக்கும், நரை தொடங்கிய தாடி. கையில் சுத்தியல். சுத்தியலின் தலையில் கம்பளி நூல் சுற்றியிருந்தது. எமிலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வண்டிச் சக்கரங்களிலிருந்து கழற்றிய, கனத்த இரும்புக் கிண்ணம் போன்ற பிரேக் டிரம்களின் குவியலுக்கு முன்னால் மண்டியிட்டு ஒவ்வொன்றையும் தட்ட ஆரம்பித்தார். தட்டுவார், காதைச் சாய்ப்பார், தலையை ஆட்டுவார், அடுத்தது.

எமில் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான். "இர்மா, அந்த ஆளுக்கு மூளை கலங்கியிருக்கா என்னன்னு போய்ப் பாரு. சுத்தியலுக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு வந்திருக்கான்."

இர்மா போனாள். அரை நிமிடம் நின்று பார்த்தாள். பொறுக்கவில்லை.

"தரையில வச்சுத் தட்டினா என்ன தெரியும்? பிணத்தைத் தட்டுற மாதிரிதான் இருக்கும். தூக்கிப் பிடிங்க."

அவர் நிமிர்ந்தார். இர்மா ஒரு கம்பியை டிரம்மின் நடு ஓட்டையில் கோத்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். "இப்போ அடிங்க."

அடித்தார். குவியலுக்கு மேலே உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. அந்தச் சத்தம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போய்விட்டு வந்தது போல நீண்டது.

அவர் பெயர் கார்ல்டன் பீப்பிள்ஸ். நகரத்து ஆர்கெஸ்ட்ராவில் தாளக் கருவிகள் வாசிக்கிறவர். கோரா ஹாட்லி என்ற இசையமைப்பாளர் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கென்று புதிதாக ஒன்று எழுதியிருக்கிறார், பெயர் 'துரு', இருபத்திரண்டு நிமிடம், இன்னும் இரண்டு வாரத்துக்குள் முதல்முறையாக வாசிக்கப்போகிறோம் என்றார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு வரி: எட்டு பிரேக் டிரம், தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை, எல்லாம் நீளமாக ஒலிக்க வேண்டும், ஆனால் ஒன்றுகூட தேவாலய மணி போல இருக்கக் கூடாது.

"ஒரு வாரமா ஊர்ல இருக்கிற மெக்கானிக் கடை எல்லாம் ஏறி இறங்கிட்டேன். ரெண்டுதான் தேறுச்சு," என்றார் கார்ல்டன்.

"இதை வாசிக்கிறதுக்கா? உட்கார்ந்து கேட்கிறதுக்கு ஜனம் வருமா?"

"டிக்கெட் வாங்கிட்டு வருவாங்க."

இர்மா குவியலைப் பார்த்தாள். ஆயிரத்துக்கு மேல் கிடக்கும். இத்தனை வருடமும் கெட்டதைக் கண்டுபிடிக்கத்தான் அவள் காது வேலை செய்திருக்கிறது. நல்லதைத் தேடிக் கொடு என்று யாரும் கேட்டதில்லை. கை பரபரவென்றது.

"வெள்ளிக்கிழமை வாங்க," என்றாள்.

அந்த மூன்று நாளும் எடைமேடையில் எமில்தான் நின்றான். இர்மா கிரேன் கொக்கியில் ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு, டிரம்களை ஒவ்வொன்றாக மாட்டி அடித்துப் பார்த்தாள். மட்டமானது இடது பக்கம், சுமாரானது வலது பக்கம், நல்லது வேலியோரம். பழைய பால் வண்டி ஒன்றின் டிரம்மை அடித்தபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. ஓடிப் போய் எமிலைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"கேளு. கேட்டியா? கடைசியில மேலே ஏறுது பாரு."

"இர்மா, வெளியில மூணு லாரி நிக்குது."

"நிக்கட்டும். இன்னொரு தடவை கேளு."

வெள்ளிக்கிழமை கார்ல்டன் வந்தபோது வேலியோரம் எட்டு டிரம் வரிசையாகத் தொங்கின. பள்ளிக்கூடப் பேருந்து, டிராக்டர், சரக்கு லாரி, பால் வண்டி, இரண்டு கார், ஒரு டிரெய்லர், கடைசியில் எந்த வண்டியுடையது என்றே தெரியாத சின்னது ஒன்று. கார்ல்டன் கோட்டைக் கழற்றித் தரையில் போட்டார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடித்துக்கொண்டே போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். மூன்றாம் தடவை அவர் ஓட்டமாகவே ஓடினார்.

"வியாழக்கிழமை ஒத்திகை. நீங்க வரணும். வராம இருந்தீங்கன்னா நானே வந்து தூக்கிட்டுப் போவேன்," என்றார்.

வேலை பூட்ஸோடுதான் போனாள். அந்த அரங்கத்துக்குள் அவள் கால் வைத்தது அதுவே முதல் தடவை. காலி இருக்கைகளுக்கு நடுவில் ஒரே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, மடியில் ஜமுக்காளம் அளவுக்கு விரிந்த இசைத்தாள், பக்கத்து இருக்கையில் ஒரு பொட்டலம் பாதாம். அவர்தான் கோரா ஹாட்லி. இர்மா நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தாள்.

இசை நடத்துநர் கையைத் தூக்கினார். முதலில் எதுவுமே கேட்கவில்லை. அப்புறம் டபுள் பாஸ்கள் ஆறும் வில்லைத் தொட்டும் தொடாமலும் இழுக்க, கடையின் பின்னால் சரக்கு ரயில் வருவதற்கு முன்பு தரை அதிருமே, அந்த அதிர்வு வந்தது. இர்மா தன்னை அறியாமல் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். செல்லோக்கள் சேர்ந்தன. ஊதுகிறவர்கள் ஒவ்வொருவராக எழும்ப, சத்தம் ஏறிக்கொண்டே போனது. இதற்கு மேல் ஏற இடமில்லை என்று அவள் நினைத்த இடத்தில் எல்லாரும் சட்டென்று நின்றுவிட, கார்ல்டன் முதல் டிரம்மை அடித்தார்.

பள்ளிக்கூடப் பேருந்து. அடுத்து டிராக்டர். இர்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சொந்தப் பிள்ளைகள் பள்ளி நாடகத்தில் மேடை ஏறும்போது அம்மாக்கள் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தாள். ஒவ்வொன்றாக எட்டும் ஒலிக்க, அந்த ஒலி அடங்குவதற்குள் வயலின்கள் அதை எடுத்துக்கொண்டு வேறெங்கோ பறந்தன. இரும்பு கொடுத்ததை மரம் வாங்கிக்கொண்டு போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. இது முடியக் கூடாது என்றும் தோன்றியது.

முடிந்ததும் கோரா திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரு? நடுவுல ரெண்டு தடவை 'அப்படித்தான்'னு சத்தமா சொன்னீங்க."

"அந்த இரும்பெல்லாம் என் கடையில இருந்து வந்தது."

"தேடினது யாரு?"

"நான்தான்."

கோரா பாதாம் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான இருக்கையைத் தட்டினார். "இங்க வந்து உட்காருங்க. மறுபடியும் ஆரம்பத்துல இருந்து வாசிக்கப் போறாங்க."

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரைக்கு. 'துரு' இடைவேளைக்குப் பிறகு. அன்று காலை பத்தரைக்குக் கடைசி ஒத்திகை வைத்தார்கள். இர்மா தேவாலயத்துக்குப் போகாமல், கல்யாணத்துக்கு உடுத்துகிற நீல உடையைப் போட்டுக்கொண்டு அங்கே போய்விட்டாள்.

'துரு'வில் ஒரு கட்டம் உண்டு. எண்பது பேரும் வாயை மூடிக்கொள்ள, நாலாவது டிரம், அதாவது பால் வண்டி டிரம், தனியாக நாற்பது அடி ஒலிக்க வேண்டும். மெல்லத் தொடங்கி இடி மாதிரி முடியும். அந்த இடம் வந்தது. கார்ல்டன் பத்தாவது அடி அடிக்கும்போது இர்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"நிறுத்துங்க."

நடத்துநர் திரும்பினார். அவர் ஒத்திகையில் யாரும் அப்படிச் சொன்னது கிடையாது. "யாரும்மா அது?"

"நாலாவது கீறல் விட்டுடுச்சு. இன்னும் அடிச்சா ரெண்டாப் பிளந்துடும்."

கார்ல்டன் டிரம்மைச் சுற்றிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். "இர்மா, ஒண்ணும் தெரியலையே. சத்தமும் சரியாத்தானே இருக்கு?"

"வியாழக்கிழமை கடைசியில மேலே ஏறிச்சு. இப்போ கரகரன்னு கீழே இறங்குது."

"எனக்கு அப்படி ஒண்ணும் கேட்கலை," என்றார் நடத்துநர். "கோரா, உங்களுக்கு?"

கோரா உதட்டைக் கடித்தார். "சத்தியமா எனக்குத் தெரியலை."

இர்மா மேடைக்கு ஏறினாள். எண்பது ஜோடிக் கண்களும் அவள்மேல் இருந்தன. டிரம்பெட்காரர் ஒருவரிடம் கையை நீட்டினாள். "உங்க கருவிக்குப் போடுற எண்ணெய் கொடுங்க. தண்ணி மாதிரி இருக்குமே, அது." அவர் கொடுத்தார். அதை டிரம்மின் விளிம்பெல்லாம் பூசி, இரண்டு நிமிடம் காத்திருந்து, உடையின் ஓரத்தாலேயே அழுந்தத் துடைத்தாள். பிறகு முன்வரிசை வயலின் பெண்ணைப் பார்த்தாள். "முகத்துக்குப் போடுற பவுடர் இருக்கா கண்ணு?"

பவுடரைத் தூவினாள். வெள்ளையாகப் படிந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. யாரோ இருமினார்கள். அப்புறம் அந்த வெள்ளைக்கு நடுவில், கீறலுக்குள் இறங்கியிருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு எழும்பியது. விரல் நீளம் இருக்கும்.

"அடக் கடவுளே," என்றார் கார்ல்டன்.

நடத்துநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். "வேற ஒண்ணு இருக்கா?"

"என்கிட்டே மலை மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு இர்மா படியிறங்கினாள். பின்னால் காலடிச் சத்தம். கோரா இசைத்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். "நானும் வரேன். எந்த ஒலி வேணும்னு எனக்குத்தான் தெரியும்."

இர்மாவின் வண்டியில் பாலத்தைத் தாண்டிக் கடைக்கு வந்தார்கள். கடையின் கதவைத் திறந்து உள்ளே ஓடிய இர்மா அப்படியே நின்றுவிட்டாள். பிரேக் டிரம் குவியல் இருந்த இடத்தில் ஈர மண்ணும் நாலைந்து நட்டும்தான் கிடந்தன. முந்தின நாள் மாலை, அவள் கடையைவிட்டுப் போன பிறகு, எமில் அத்தனையையும் உருக்காலைக்கு ஏற்றி அனுப்பியிருந்தான்.

"மலைன்னு சொன்னீங்களே?" என்றார் கோரா.

"நேத்து வரைக்கும் மலைதான்."

அதற்குப் பிறகு நடந்ததை அக்கம்பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். கச்சேரிக்கென்று கறுப்புப் பட்டு உடுத்தியிருந்த ஒரு அம்மாளும் நீல உடையில் இன்னொருத்தியும் காயலான் கடைக்குள் ஆளுக்கொரு சுத்தியலை வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் அடித்தார்கள். கோரா வேண்டிய ஒலியை முனகிக்கொண்டே வருவார். இர்மா அடிப்பாள். பல்சக்கரம், குழாய் மூடி, சமையல் அடுப்பின் தட்டு, உழவுக் கலப்பை.

"இல்ல. அது மணி மாதிரி இருக்கு."

"இது?"

"இது சட்டி மாதிரி இருக்கு. சங்கதி இல்ல."

"எது கேட்டாலும் இல்லன்னா எப்படி? எழுதும்போதே சுலபமா ஒண்ணை எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சுலபமா எழுதினா உங்களை எதுக்குத் தேடி வரப் போறோம்?"

மணி ஒன்றேகால் ஆனது. இர்மா நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது. கடையை ஒட்டியே எமிலின் வீடு. வீட்டு வாசலில் அவன் உயிரை வைத்திருக்கிற பச்சைப் பிக்கப் வண்டி நின்றது. 1964ஆம் வருட மாடல். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்கு மெழுகு பூசுவான். மழை வந்தால் தான் நனைந்தாலும் அதற்குத் தார்ப்பாய் போடுவான். அதன் பின்சக்கரங்களில் கனமான வார்ப்பிரும்பு டிரம்.

"ஜாக்கியை எடுத்துட்டு வரேன். நீ அந்தச் சக்கரத்துக்கு முன்னாடி கல்லு வை," என்றாள் இர்மா.

கோரா கல்லை வைத்தார். வண்டியைத் தூக்கினார்கள். சக்கரத்தைக் கழற்றினார்கள். டிரம் வருவேனா என்று ஒட்டிக்கொண்டிருந்தது. இர்மா அதைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்ட, ஒவ்வொரு தட்டுக்கும் கோராவின் முகம் மலர்ந்தது. "உள்ள இருக்கும்போதே நல்லா இருக்கே. சீக்கிரம், சீக்கிரம்."

வீட்டுக் கதவு திறந்தது. முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சி நிரம்பிய தட்டோடு எமில் படியில் நின்றான். தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் சொருகிய கைக்குட்டை.

"என்ன பண்றே?"

"டிரம் கழட்டுறேன்."

"அது என் வண்டி."

"தெரியும்."

"இர்மா, அது என் வண்டிடி."

"தெரியும்னு சொன்னேன்ல. நின்னுக்கிட்டு வேடிக்கை பார்க்காதே, அந்த நீளக் கம்பியை எடுத்துக் கொடு. மலை மாதிரி வச்சிருந்ததை வித்துட்டு வந்து நிக்கிறே."

எமில் கோராவைப் பார்த்தான். "நீங்க யாரு மேடம்?"

"கோரா ஹாட்லி. ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுறவ. உங்க டிரம்மைத்தான் இன்னிக்கு எண்பது பேர் வாயை மூடிக்கிட்டுக் கேட்கப் போறாங்க."

அது எமிலை ஒரு நிமிடம் யோசிக்க வைத்தது. தட்டைப் படியில் வைத்தான். கைக்குட்டையை உருவினான். கம்பியை எடுத்து வந்து தானே உள்ளே கொடுத்து நெம்பினான். டிரம் கழன்று அவன் கையில் விழுந்தது. நாற்பது வருடத் தூசி அவன் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

குழாயடியில் வைத்துக் கழுவினார்கள். சங்கிலியில் மாட்டினார்கள். கோரா கண்ணை மூடிக்கொண்டார். இர்மா அடித்தாள்.

பால் வண்டியைவிடக் கொஞ்சம் தாழ்ந்தது. ஆனால் அடி விழுந்த பிறகு அது உடனே அடங்கவில்லை. உள்ளுக்குள் எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி மறுபடி ஒரு தரம் எழும்பி, அப்புறம்தான் போனது. கோரா கண்ணைத் திறக்கவில்லை.

"என்ன? இல்லையா?" என்றாள் இர்மா.

"இர்மா, நான் எழுதினதைவிட இது நல்லா இருக்கு."

எமில் சட்டையைத் தட்டிக்கொண்டான். "அது எங்க போகுதோ அங்க நானும் வருவேன். திரும்பக் கொண்டுவந்து மாட்டுற வரைக்கும் கண்ணைவிட்டு எடுக்க மாட்டேன்."

இர்மாவின் வண்டியில் முன்பக்கம் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். டிரம் எமிலின் மடியில். அது இல்லாமல் எமிலே ஒன்றரை ஆள். கோரா கதவோடு ஒட்டிக்கொண்டு, இசைத்தாளில் பென்சிலால் ஏதோ திருத்திக்கொண்டே வந்தார். பாலத்தின் மேல் வந்தபோது ஒரு படகு போவதற்காகப் பாலம் திறந்துகொள்ளத் தொடங்கியது. முன்னால் சிவப்பு விளக்கு. வெள்ளைப் பாய்மரப் படகு ஒன்று, அதில் தொப்பி போட்ட ஒரு ஆள் கையில் கோப்பையோடு, அவசரமே இல்லாமல் கடந்தது.

"இன்னிக்குத்தான் இவனுக்குக் காத்து வாங்கணுமா?" என்று எமில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான். அந்த ஆள் கையசைத்தான்.

அரங்கத்தின் பின்வாசலை அடைந்தபோது மூன்று மணி. முதல் பாதியின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. கார்ல்டன் கதவருகே விரலைக் கடித்துக்கொண்டு நின்றார். டிரம்மை வாங்கி, காதோடு வைத்து, நகத்தால் சுண்டினார். குனிந்து இர்மாவின் உச்சந்தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார்.

இர்மாவும் எமிலும் ஆறாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். இர்மாவின் நீல உடையில் எண்ணெய்க் கறை, எமிலின் சட்டை கரி. பக்கத்தில் முத்துமாலை போட்ட ஒரு பெண்மணி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். விளக்குகள் மங்கின.

டபுள் பாஸ்கள் தொடங்கின. எமில் இர்மாவின் பக்கம் சாய்ந்து, "ரயில் வருது," என்றான். "உஸ்," என்றாள். ஏற ஏற அவன் முன்னால் நகர்ந்துகொண்டே போய், இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டான். எட்டு டிரம்மும் ஒலித்தன. வயலின்கள் பறந்தன. பதினான்காவது நிமிடம். எண்பது பேரும் நிறுத்தினார்கள். கார்ல்டன் நாலாவது டிரம்மின் முன்னால் நின்று கையைத் தூக்கினார்.

முதல் அடி, பூனை நடப்பது போல. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வோர் அடிக்கும் அந்த இரும்பு அடங்கி, மறுபடி எழும்பியது. இருபதாவது அடியில் அரங்கம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. முப்பது. முப்பத்தைந்து. அந்த நிசப்தத்தில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எமில் சொன்னான்:

"அது என்னோடது."

மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. முத்துமாலைப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நாற்பதாவது அடி இடியாக விழ, ஆர்கெஸ்ட்ரா முழுவதும் அதன்மேல் பாய்ந்தது. அதற்குப் பிறகு கடைசிவரை இர்மா என்ன கேட்டாள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டியபோது தான் எப்போது எழுந்து நின்றோம் என்றும் தெரியவில்லை. கோரா மேடைக்கு வந்து வணங்கினார். முழங்காலில் கடை மண் அப்படியே இருந்தது.

அந்த டிரம் எமிலின் வண்டிக்குத் திரும்பவே இல்லை. மூன்று வாரம் வண்டி ஜாக்கிமேல் நின்றது. கடைசியில் கார்ல்டனே வேறு ஒரு டிரம் தேடி வந்து மாட்டிக் கொடுத்தார்.

'துரு' அடுத்த வருடமே பிட்ஸ்பர்கில் வாசிக்கப்பட்டது, பிறகு டென்வரில், பிறகு ஒரே பருவத்தில் ஐந்து ஊர்களில். ஒவ்வொரு ஊரிலிருந்தும் தாளக் கருவிக்காரர்கள் போன் செய்தார்கள். இர்மா எட்டெட்டாகத் தேடி, அடித்து, கேட்டு, மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு அனுப்பினாள். உருக்காலைக்கு ஒரு டிரம் போக வேண்டுமானாலும் அவள் காதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று எமிலுக்குக் கட்டளை. நல்லதெல்லாம் பின்பக்கக் கொட்டகையில் தொங்கின. காற்று பலமாக அடித்தால் கொட்டகையே பேசும்.

கோரா புதிதாக எது எழுதினாலும், எங்கே வாசித்தாலும், வண்டியில் எட்டிவிடுகிற தூரமென்றால் இர்மா போய்விடுவாள். டெட்ராய்ட், சின்சினாட்டி, பஃபலோ. கச்சேரி முடிந்து மறுநாள் காலை போனில் தீர்ப்பு வரும். "உன் மூணாவது சிம்பொனி நல்லா இருக்கு கோரா. ஆனா கடைசியில நாலு நிமிஷம் அதிகம்."

"பத்திரிகைக்காரனும் அதையேதான் எழுதியிருக்கான்."

"அவன் எழுதினா என்ன? நான் சொல்றேன்."

கோரா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் போன் செய்து, "மூணு நிமிஷம் வெட்டிட்டேன். ஒரு நிமிஷம் தர மாட்டேன்," என்றார்.

2013 பிப்ரவரியில் கோராவின் புதிய படைப்பு மில்வாக்கியில் அரங்கேற இருந்தது. பத்தொன்பது நிமிடம். ஒரு மாதம் முன்பே அதன் இசைத்தாளைத் தபாலில் அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் 'இர்மா வார்கோவுக்கு' என்று அச்சிட்டிருந்தது. இர்மா போன் செய்தாள்.

"புரட்டிப் பார்த்துட்டேன். கார்ல்டனும் பார்த்துட்டார். இதுல இரும்பே இல்லையே?"

"இல்ல. தந்தி வாத்தியம் மட்டும்தான்."

"அப்புறம் எதுக்கு என் பேரு?"

"வந்து கேளு," என்றார் கோரா.

மோட்டல் அறை சொல்லி, பெட்டி கட்டி, எல்லாம் தயார். வெள்ளிக்கிழமை மாலை சிகாகோ பக்கம் பனி கொட்டித் தீர்த்து நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். இர்மா விசாரிக்காத ஆள் இல்லை. வழியில்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்புகிறார்கள் என்று கார்ல்டன் சொன்னார். அவள் கடை ரேடியோவை பேஸ்பால் நிலையத்திலிருந்து முதன்முதலாகத் திருப்பினாள். எடைமேடை ஜன்னலுக்குள் இருந்த கல்லாவைத் துடைத்து, இசைத்தாளை விரித்து வைத்தாள். ஸ்வரம் படிக்க அவளுக்கு அரைகுறையாகத்தான் வரும். ஏறுவதும் இறங்குவதும், யார் எப்போது வருகிறார்கள் என்பதும் தெரியும். விரலை முதல் வரியில் வைத்துக்கொண்டாள். எமிலிடம், "மூச்சு விடுறதா இருந்தா வெளியில போய் விடு," என்றாள்.

வயோலாக்கள் தொடங்கின. ஐந்தாம் பக்கத்தில் விரல் வழி தவறியது. ஆறாம் பக்கத்தில் பிடித்துவிட்டாள். ஒரு செல்லோ தனியாக மேலே ஏறுகிற இடம் வருவதற்கு முன்பே அது வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. வந்தது.

பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. கோதுமை நிற மீசை வைத்த குழாய் வேலைக்காரன் ஒருவன், தோளில் செப்புக் குழாய்க் கட்டோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"இதை எடை போட..."

இர்மா இடது கையை உயர்த்தினாள். வலது கைவிரல் வரியைவிட்டு நகரவில்லை. அவன் எமிலைப் பார்த்தான். எமில் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினான். வந்தவன் குழாய்க் கட்டைத் தரையில் வைக்கப் போனான். அது ஓசைப்படும் என்று பட்டதோ என்னவோ, மறுபடி தோளிலேயே தூக்கிக்கொண்டான். தொப்பியிலிருந்த பனி உருகி மீசையில் சொட்டியது. ரேடியோவில் வயலின்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, விடாமல், இன்னும் விடாமல், இழுத்துக்கொண்டே போயின.

"முடிஞ்சுதா?" என்று அவன் கிசுகிசுத்தான்.

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு," என்றாள் இர்மா, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு. தாளைப் புரட்டிவிட்டு, அவனும் பார்க்கட்டும் என்று அவன் பக்கமாகச் சற்றுத் திருப்பி வைத்தாள்.